அன்றாட வாழ்வுக்கும் நட்புக்கும் நடுவே படைப்பூக்கத்தைப் பேணுதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் இசையமைக்கிறவர்களும் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. வேலை, வீடு, நண்பர்கள் என்று நாள் முழுவதும் ஓடிவிடுகிறது, மனத்தில் பொறி தட்டுவதற்கு இடமே இல்லை என்பார்கள். நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டியபோது, நான் உருப்படியாக எழுதி முடித்தவற்றில் பெரும்பாலானவற்றின் கரு ஓய்வான நாட்களில் கிடைத்ததே இல்லை என்பது தெரிந்தது. யாரோ பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வாக்கியத்திலோ, வரிசையில் நின்றபோது கண்ணில் பட்ட ஒரு கையசைவிலோதான் அவை தொடங்கியிருந்தன. கருவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வந்ததைக் குறித்து வைக்காததும் குறித்ததைத் திரும்பிப் பாராததுமே என் சிக்கலாக இருந்தன. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் சரிசெய்வதைப் பற்றியது. அதில் நண்பர்களுக்கு உள்ள பங்கு நாம் பொதுவாக எண்ணுவதிலிருந்து சற்று வேறானது என்பதால், அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

பொறி எப்படித் தட்டுகிறது

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆன்றி புவான்காரே தமக்கு நேர்ந்த ஒன்றை 1908-இல் விவரித்திருக்கிறார். ஒரு கணிதச் சிக்கலோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு, அதைக் கிடப்பில் போட்டுவிட்டு ஒரு நிலவியல் பயணத்துக்குப் புறப்பட்டார். வழியில் ஒரு குதிரை வண்டியின் படியில் காலை வைத்த அந்த நொடியில், அதுவரை பிடிபடாத விடை மனத்தில் வந்து நின்றது. அவர் அப்போதே உட்கார்ந்து அதைச் சரிபார்க்கவில்லை. அருகில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்த பேச்சைத் தொடர்ந்தார், ஊர் திரும்பிய பிறகே சரிபார்த்தார். பிரிட்டனைச் சேர்ந்த கிரகாம் வாலஸ் 1926-இல் இத்தகைய அனுபவங்களை நான்கு கட்டங்களாக வகுத்துக் காட்டினார்: முன்தயாரிப்பு, உள்ளுக்குள் ஊறுதல், பளிச்சிடல், சரிபார்த்தல்.

வண்டிப் படியில் விடை தோன்றியதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தைய மல்லுக்கட்டையும் பிந்தைய சரிபார்ப்பையும் மறந்துவிடுகிறார்கள். ஊறுவதற்கும் பளிச்சிடுவதற்கும் அன்றாட வாழ்க்கை தாராளமாக இடம் தருகிறது. பாத்திரம் கழுவும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும்தான் நாம் வலிந்து ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. கீழே வரும் படிகளைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

படி 1: ஒரே ஒரு கேள்வியைச் சுமந்து திரியுங்கள்

‘என்ன எழுதலாம்?’ என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அது எதையும் தேடச் சொல்வதில்லை. ‘வீடு மாறியவர்களின் உடம்பு எதையெல்லாம் மறக்க மறுக்கிறது?’ என்பது கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடமாடிப் பாருங்கள். இதுவரை காதில் விழாத பேச்செல்லாம் விழத் தொடங்கும். ஓவியருக்கு இது ‘மாலை வெளிச்சம் படும்போது முகத்தின் எந்தப் பகுதி முதலில் அடையாளம் இழக்கிறது?’ என்று இருக்கலாம்.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போது, மூன்று நாட்களுக்குள் விடை தெரிந்துவிடும் போலத் தோன்றினால் அதை விட்டுவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதிகம் போனால் இரண்டு. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வையுங்கள். பின்பு அரை மணி நேரமாவது உட்கார்ந்து அதோடு முட்டி மோதுங்கள். ஒன்றும் தேறாவிட்டாலும் பரவாயில்லை. ஊறுவதற்கு உள்ளே ஏதேனும் போட்டு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: வந்ததை அந்தக் கணமே பிடித்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்ற உங்களுக்கு நேரம் இருக்குமானால், அது இதுவாக இருக்கட்டும்.

1959-இல் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் என்னும் இணையர் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். மூன்று மெய்யெழுத்துகளை ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவற்றை மனத்துக்குள் உருப்போட விடாமல் ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். பதினெட்டு நொடிகள் கழித்துக் கேட்டபோது, ஏறக்குறைய பத்தில் ஒரு முறைதான் எழுத்துகள் சரியாக நினைவுக்கு வந்தன. அன்றாட வாழ்க்கை என்பது பெரும்பாலும் இப்படி ஓயாமல் எண்ணச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்றுதான். ஆகவே ‘வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்’ என்ற முடிவு, நடைமுறையில், எழுத வேண்டாம் என்ற முடிவே.

எதில் குறிப்பது என்பது இரண்டாம்பட்சம். பீத்தோவன் நடைபோகும்போது சட்டைப்பைக் குறிப்பேட்டை எடுத்துச் சென்றார். எமிலி டிக்கின்சன் தபால் உறைகளின் பின்புறத்தில் கவிதை வரிகளை எழுதினார். செல்பேசியில் குறிப்பதானால், பூட்டைத் திறந்ததும் விரல் குறிப்புச் செயலிக்குப் போகும்படி முகப்பில் அதற்கு முதல் இடம் கொடுங்கள். செய்திச் செயலிகளைக் கடந்துதான் அங்கே போக வேண்டும் என்றால், நீங்கள் போய்ச் சேர மாட்டீர்கள்.

எப்படிக் குறிப்பது என்பதற்கு வருகிறேன், ஏனெனில் அதில்தான் நான் சறுக்கினேன். வீடு மாறியவர்களைப் பற்றிய அந்தக் கேள்வியை நான் சுமந்துகொண்டிருந்த நாட்களில், தோழி ஒருவர் தொலைபேசியில் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, “குடிவந்து ஒரு மாதம் ஆகிறது, ராத்திரி எழுந்தால் கை இன்னும் பழைய வீட்டுச் சுவிட்ச் இருந்த உயரத்தில்தான் சுவரைத் தடவுகிறது” என்றார். எனக்கு உடனே உறைத்தது. அழைப்பு முடிந்ததும் செல்பேசியில் ‘சுவிட்ச்’ என்று ஒரே சொல்லை எழுதி வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும் என்பதற்காக எழுதிய நினைவூட்டல் என்று எண்ணி அழித்தும் விட்டேன். தோழி வேறொரு நாள் அதே விஷயத்தை மறுபடி சொல்லாமல் இருந்திருந்தால் அது போயே போயிருக்கும்.

அதன்பிறகு என் குறிப்புகளை முழு வாக்கியங்களாக எழுதுகிறேன். யார், எங்கே, உடம்பு என்ன செய்தது, வாயிலிருந்து வந்த சரியான சொற்கள் எவை, எனக்கு அது ஏன் குத்தியது என்று அனைத்தும் அதில் இருக்கும். இரண்டாம் முறை எழுதிய குறிப்பு இப்படி இருந்தது: ‘இருட்டு. தூக்கக் கலக்கம். வலது கை, தோளுயரத்தில், வெறுஞ்சுவர். “கைக்கு யாரும் வீடு மாறியதைச் சொல்லவில்லை” என்றார். நான் மாறிய மூன்று வீடுகளில் எனக்கு இப்படி எதுவும் நினைவில் இல்லையே என்பது உறுத்துகிறது.’ எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் கழித்துப் படித்தாலும், இதிலிருந்து வேலையைத் தொடங்க முடியும்.

நண்பரின் எதிரிலேயே செல்பேசியை எடுத்து எழுதுவது மரியாதைக் குறைவு என்று தயங்குபவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் சரியானதே. பேச்சை முறிக்காமல், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். விடைபெற்றுத் திரும்பிய பின், அடுத்த வேலையைத் தொடும் முன் எழுதிவிடுங்கள்.

படி 3: சிறிய, அசையாத நேரம் ஒன்றை ஒதுக்குங்கள்

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரால்லப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் முழுநேர அதிகாரியாக இருந்த காலத்திலிருந்தே, விடிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதி, வாழ்நாளில் 47 நாவல்களை முடித்தார். அவரைப் போல எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேகம் பெரும்பாலோருக்கு ஒத்துவராது. அவர் செய்த இன்னொரு காரியம்தான் நமக்கு உதவும். தம்மை எழுப்பிவிடுவதற்கென்றே பணியாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தம் மனவுறுதியின் மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை போலும். அதை ஒப்புக்கொண்டு வெளியிலிருந்து ஒரு கைப்பிடியை ஏற்படுத்திக்கொண்டார்.

உங்கள் நாளில் ஏற்கெனவே அசையாமல் நிற்கும் ஒரு செயலைக் கண்டுபிடித்து, அதன் வாலில் இருபது நிமிடத்தைக் கட்டிவிடுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது வரைவேன்’ என்பதைவிட ‘குழந்தையைப் பள்ளியில் விட்டுத் திரும்பி, செருப்பைக் கழற்றியதும் வரைபுத்தகத்தைத் திறப்பேன்’ என்பது பல மடங்கு வலுவானது. 2010-இல் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாகவே நடக்கும் பழக்கமாக மாற நடுவாக 66 நாட்கள் ஆனதாகக் கண்டனர். ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே இரண்டு மாதமாவது பொறுத்திருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் குற்றவுணர்வில் இன்னொரு நாளையும் விட்டுவிடாதீர்கள்.

நாளைய முதல் வரி என்னவென்று தெரிந்திருக்கும்போதே இன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அனைத்தையும் வடித்துக் கொட்டிவிட்டு எழுந்தால் மறுநாள் வெறும் பாத்திரத்தின் முன்தான் உட்கார வேண்டும்.

படி 4: காலியான நிமிடங்களைக் காலியாகவே விடுங்கள்

அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் காப்பீட்டு நிறுவனமொன்றில் உயர் பதவி வகித்தவர். அலுவலகத்துக்கு நடந்தே போவார், அந்த நடையிலேயே கவிதை கட்டுவார். 2014-இல் மேரிலி ஒப்பேசோவும் டேனியல் ஸ்வார்ட்ஸும் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது மக்கள் அதிகமான, புதிய எண்ணங்களைச் சொன்னார்கள். வெறுஞ்சுவரைப் பார்த்தபடி ஓட்டப்பொறியில் நடந்தபோதும் அப்படித்தான் நடந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை தேவைப்படும் சோதனையில் நடை உதவவில்லை. ஆகவே கரு தேடும்போது நடங்கள், திருத்தும்போது உட்காருங்கள். நடக்கும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம்.

படி 5: நண்பர்களிடம் கேளுங்கள், ஆனால் கருவைக் கேட்காதீர்கள்

‘எனக்கு ஒரு யோசனை சொல்லேன்’ என்று நண்பரிடம் கேட்டால், அவரும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவதைத்தான் சொல்வார். நண்பர்களிடம் இருப்பது அவர்கள் பொருட்டாகவே எண்ணாத சிறுசிறு விவரங்கள். அவற்றை வரவழைக்கும் கேள்விகள் பெரும்பாலும் தாழ்ந்த குரலில், காரியத்தைப் பற்றியதாக இருக்கும். ‘வேலை எப்படிப் போகிறது?’ என்பதற்கு ‘போகிறது’ என்ற பதில்தான் வரும். ‘உன் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாளில் தவறாமல் செய்யும் தப்பு எது?’ என்று கேட்டுப் பாருங்கள். முகத்தில் வெளிச்சம் வரும், கதையும் வரும். அவர் சொல்லி முடித்ததும் உடனே உங்கள் அனுபவத்தைச் சொல்லப் புகாமல், இரண்டு மூச்சு அமைதியாக இருங்கள். நல்ல விவரம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பின்புதான் வருகிறது.

உங்களைப் போலவே எழுதுகிற, வரைகிற நண்பர்கள் ஆறுதலாக இருப்பார்கள். ஆனால் அவர்களிடம் மட்டுமே பழகினால் ஒரே கிணற்றில் எல்லோரும் இறைப்பதாகிவிடும். கணக்கு பார்ப்பவர், நோயாளிகளைக் கவனிப்பவர், இயந்திரம் பழுது பார்ப்பவர் என்று உங்கள் கலையோடு தொடர்பே இல்லாத இரண்டு மூன்று பேரோடாவது நெருக்கத்தை விடாமல் வைத்திருங்கள். இதை ஒரு உத்தியாக மட்டும் செய்தால் அவர்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

படி 6: கரு முற்றும் வரை வாயைக் கட்டுங்கள்

கூடிப் பேசினால் நிறைய எண்ணங்கள் பிறக்கும் என்ற நம்பிக்கையை, விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் கடந்த நூற்றாண்டின் நடுவில் பரப்பினார். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நால்வர் ஒன்றாக உட்கார்ந்து யோசித்ததைவிட, நால்வர் தனித்தனியே யோசித்துப் பட்டியல்களைப் பிறகு சேர்த்தபோது ஏறக்குறைய இரு மடங்கு எண்ணங்கள் கிடைத்தன. இதற்கு முக்கியமான காரணம் எளிது என்று 1987-இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காத்திருப்பில் எண்ணம் நழுவிவிடுகிறது.

நட்புக் கூட்டத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இது ஆய்வில் கண்டதன்று, நானே பட்டுத் தெரிந்துகொண்டது. எழுதாத கதையை ஒருவரிடம் நன்றாகச் சொல்லி, அவர் ‘பிரமாதம்’ என்றும் சொல்லிவிட்டால், எழுதும் பசி பாதி அடங்கிவிடுகிறது. சுவிட்ச் கதையை முதல் வரைவுக்கு முன் ஒரு நண்பரிடம் அப்படித்தான் விரித்துச் சொன்னேன்; அதன் பிறகு இரண்டு வாரம் அதைத் தொடவே மனம் வரவில்லை. இப்போதெல்லாம் யாராவது ‘என்ன எழுதுகிறாய்?’ என்று கேட்டால், பொருளை ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பாதி வேலையைச் சமூக ஊடகத்தில் காட்டி விருப்பக்குறிகளை எண்ணுவதையும் இதே கணக்கில் சேர்க்கலாம். தெரசா அமபிலி 1985-இல் நடத்திய ஆய்வில், புகழ், வருமானம் போன்ற வெளிக்காரணங்களைச் சில நிமிடம் எண்ணிப் பார்க்க வைக்கப்பட்ட எழுத்தாளர்கள், அதன் பிறகு எழுதிய கவிதைகளில் படைப்புத் திறன் குறைந்து காணப்பட்டது.

படி 7: முதல் வாசகரை அளந்து தேர்ந்தெடுங்கள்

வரைவு முடிந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. இனிமேல் தனிமை கெடுதல் செய்யும். இயற்கைத் தேர்வு பற்றிய எண்ணத்தைச் சார்லஸ் டார்வின் நெடுங்காலம் தமக்குள் வைத்திருந்தார். 1844 ஜனவரியில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்ற முன்னுரையோடு, உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று தாம் கருதுவதைச் சொன்னார். நூல் வெளிவந்தது 1859-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஹூக்கர் அவரைப் புகழ்ந்துகொண்டிருக்கவில்லை. கேள்வி கேட்டார், மறுத்தார், தாவரங்களைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை அள்ளிக் கொடுத்தார்.

இதற்கு நேரெதிரான துணையும் உண்டு. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், தமக்கு நண்பரும் எழுத்தாளருமான சி. எஸ். லூயிஸ் செய்த உதவியைப் பற்றிச் சொல்லும்போது, அது செல்வாக்கு செலுத்தியது என்று சொல்வதைவிட முழுக்க முழுக்க ஊக்கம் என்றே குறிப்பிட்டார். நெடுங்காலம் லூயிஸ் ஒருவர்தான் அவருக்கு வாசகராக இருந்தார்.

இடித்துரைப்பவர், தோளில் தட்டுபவர் என இரு வகையினரும் வேண்டும். ஆனால் ஒருவரிடமே இரண்டையும் எதிர்பார்த்தால் நட்புக்குச் சேதம். வரைவைக் கொடுக்கும்போதே எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு நண்பர்கள் நாகரிகம் கருதிப் பொய்தான் சொல்வார்கள். எங்கே கவனம் சிதறியது, எந்த வரியை நம்பவில்லை, படித்து இரண்டு நாள் கழித்து எது நினைவில் நிற்கிறது என்று மூன்றை மட்டும் கேளுங்கள். பதில் வரும்போது உங்கள் தரப்பை விளக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். இது சொல்வதற்கு எளிது. எனக்கு இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

படி 8: கூடுவதானால் விதியோடு கூடுங்கள்

பெஞ்சமின் பிராங்க்ளின் 1727-இல் பிலடெல்பியாவில் நண்பர்களைச் சேர்த்து ஜன்டோ என்ற சிறு குழுவைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடினார்கள். ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு கட்டுரையாவது எழுதிப் படிக்க வேண்டும். அறுதியிட்டுப் பேசுவதும் ஒருவரை நேரடியாக மறுத்துரைப்பதும் தடை செய்யப்பட்டன. மீறினால் சிறு அபராதம். உறுப்பினர் பன்னிருவரைத் தாண்டக் கூடாது என்றும் வைத்திருந்தார்கள்.

நம் காலத்துக்குப் பன்னிரண்டும் அதிகம். நான்கைந்து பேர் போதும். மாதம் ஒருமுறை, முன்கூட்டியே குறித்த நாளில் கூடுங்கள். ஒவ்வொரு முறையும் இருவர் மட்டும் தம் வேலையைக் காட்டட்டும். முடிக்கப்படாத வேலையைக் கொண்டுவரலாம், வெறுங்கையோடு மூன்று முறை தொடர்ந்து வரக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அரட்டையெல்லாம் அதற்குப் பிறகு. அரட்டையை முதலில் வைத்த குழுக்கள் நான் பார்த்தவரையில் அரட்டைக் குழுக்களாகவே முடிந்திருக்கின்றன. அதுவும் இனிமையானதுதான், ஆனால் வேறு காரியம்.

படி 9: நண்பரின் வாழ்க்கையிலிருந்து எடுத்ததை அவரிடம் காட்டுங்கள்

நண்பரின் வாயிலிருந்து வந்த வாக்கியம் உங்கள் படைப்பில் வருமானால், அது வெளியே போகும் முன் அவர் பார்த்திருக்க வேண்டும். பெயரை மாற்றிவிட்டேன் என்பது போதாது. அவரை அறிந்தவர்கள் இரண்டாம் பத்தியிலேயே கண்டுகொள்வார்கள். நோய், பணம், மணமுறிவு போன்றவற்றில் எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள், முகத்தைச் சுளிக்காமல்.

சுவிட்ச் கதையின் மூன்றாம் வரைவைத் தோழிக்கு அனுப்பினேன். இருட்டும் வெறுஞ்சுவரும் தடவும் கையுமாக அதை இழப்பின் துயரமாக எழுதியிருந்தேன். எனக்கே கண் கலங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் படித்துவிட்டு அழைத்தார்.

“எழுது, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஏன் இவ்வளவு சோகம்? எனக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் படுத்திருந்தவரை எழுப்பிச் சொல்லி இருவரும் சிரித்தோம்.”

என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ‘கைக்கு யாரும் வீடு மாறியதைச் சொல்லவில்லை’ என்று அவர் சொன்ன சொற்களில் சிரிப்பு அப்படியே இருந்தது. நான்தான் அதைக் கேட்காமல் என் துயரத்தை அதன் மேல் போர்த்தியிருந்தேன். நான்காம் வரைவில் இரண்டாவது ஆள் ஒருவர் வந்தார், தூக்கக் கலக்கத்தில் எழுந்து விளக்கைப் போட்டவர். கதை பாதியாகச் சுருங்கியது, அப்போதுதான் தன் காலில் நின்றது.

படி 10: மாதம் ஒருமுறை பழைய குறிப்புகளைப் படியுங்கள்

எதுவுமே வராத வாரங்கள் எல்லோருக்கும் உண்டு. உடல்நலக் குறைவிலும் துக்கத்திலும் அவை மாதங்களாகவும் நீளும். அப்போது எழுதும் நேரத்தை இருபதிலிருந்து ஐந்து நிமிடமாகக் குறையுங்கள், ஆனால் இடத்தையும் வேளையையும் மாற்றாதீர்கள். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. பழைய குறிப்புகளைப் படித்து, இன்னும் குத்துகிறவற்றுக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் புள்ளி பெற்ற குறிப்பை உங்கள் அடுத்த கேள்வியாக முதல் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஒரு புள்ளியும் பெறாதவற்றை அழிக்கத் தோன்றும். அழிப்பதற்கு முன் ஒருமுறை நிதானித்துப் படியுங்கள். எலக்ட்ரீஷியனுக்கான நினைவூட்டல் போலத் தோன்றினாலும்கூட.